சாய்ந்த ஜன்னலிலிருந்து, அக்காவுக்கு

என் அமுதாக்காவுக்கு,

உனக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலையில், நம் குடும்ப குரூப்பில் உன் நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. நல்ல சேதி கொஞ்சம் இருக்கிறது. மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் உன் பெயர். கீழே நம் சமையலறை ஜன்னலிலிருந்து நீ தினமும் எடுப்பாயே, அதே காட்சி. பின்வீட்டு மொட்டைமாடி, அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு வலது பக்கம் அடுத்த தெருவின் ஒற்றைத் தென்னை, அதற்குப் பின்னால் வெளுக்கும் வானம். ஆம்பூர் சித்தி மகன் உடனே கூப்பிட்டுவிட்டான். யாராவது அக்கா போனைத் திருடிவிட்டார்களா என்று கேட்டான். குரல் சரியாக இல்லை. 

வீட்டுக்குப் போன் செய்தேன். ராஜி எடுத்தாள். "நான்தான் எடுத்தேன். பால் வெச்சேன். பொங்கறவரைக்கும் சும்மா நிக்க முடியல" என்றாள். 

என் பெண்டாட்டி ராஜிதான், அக்கா. அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று உன்னோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவள். அக்காவுக்கு வேற வேலை இல்லை, தினம் ஒரே ஜன்னலை எடுத்துக் குரூப்பில் போட்டு எல்லார் போனையும் ரொப்புது என்று என்னிடம் முணுமுணுத்தவள். மறுநாளும் அவள் எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும். உன்னை மாதிரியே போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, கை படாமல் எடுத்தாள்.  கொஞ்ச நாளில் சொந்தக்காரர்கள் பழையபடி கும்பிடு போட ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடையையும் அவளே எடுத்துக்கொண்டாள். நீ கார்மெண்ட்ஸ் வேலையை விட்ட பிறகு, இத்தனை வருஷம் டியூப்லைட் வெளிச்சத்தில் காலர் காலராகப் பார்த்த கண்ணுக்கு ஊரைக் காட்டணும்டா என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு கிளம்புவாயே. அல்சூரில் நாம் பிறந்த சந்து, ஏரிக்கரை, சிவாஜி நகர் மார்க்கெட், மடிவாளாவில் விடிகாலைக் காய்கறி லாரிகள். பூக்கடைத் தராசுத் தட்டில் தூங்கும் பூனையை எடுப்பதற்காக அரை மணி நேரம் என்னை நிற்க வைத்தாய். அந்தப் பூனை இன்னும் இருக்கிறது. குட்டி போட்டிருக்கிறது. இது நல்ல சேதி.

ராஜிக்கு நடக்கப் பிடித்துப்போனது. அவரைக்காய் காலத்தில் பேகூர் ஏரிப் பக்கம் போய், கோயில் வாசலில் பையை வைத்துவிட்டு ஒரு பாட்டி மாதிரி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அதை எடுத்தேன். உன் போனில் அவள் இருக்கும் ஒரே படம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த நடைகளில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, அக்கா. நீ எடுத்த படங்களில் இருக்கும் வீடுகளைத் தேடிப் போனால் அங்கே தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தால் பள்ளம். சின்னப் பள்ளம் இல்லை, ஒரு வீட்டையே உள்ளே இறக்கி மூடலாம் போல. பக்கத்து வீட்டுச் சுவர் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் துணி அவிழ்த்த மாதிரி நின்றுகொண்டிருக்கும். அதில் யாரோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துண்டு காயப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பார்த்துவிட்டு, சட்னியோடு இட்லி தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவோம்.

நம் வீட்டுக்கு இடது பக்கம் இருந்த ஓட்டு வீட்டை நீ போன பிறகுதான் இடித்தார்கள். மாமரத்தை முதலில் வெட்டினார்கள். பிறகு ஜேசிபி வந்தது. காரை நிறுத்துவதற்குத் தரைக்குக் கீழே இரண்டு தளம் என்று மேஸ்திரி சொன்னார். நம் சுவரை ஒட்டி, ஒரு ஆள் படுக்கும் அகலம்கூட விடாமல், மண்ணை நேராக வெட்டி இறக்கினார்கள். சமையலறைப் பாத்திரங்கள் மேலெல்லாம் செம்மண் தூசி. ராஜி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்ப்பாள். மறுபடி தூசி.

அங்கே காவலுக்கு ராய்ச்சூர் பக்கத்திலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில், நம் சுவருக்கு நேர் கீழே, தகரக் கொட்டகை. அவன் பெயர் பீமப்பா. அவள் சரணம்மா, என் பெண் அனுவைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். குடிதண்ணீருக்கும் போன் சார்ஜ் போடவும் நம் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவாள். நீ ராஜிக்குக் கற்றுக்கொடுத்த அரைகுறைக் கன்னடம் அப்போதுதான் உதவியது. அவள் ராஜியை அக்கா என்று கூப்பிடுவாள். ஒரு நாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். ராஜி அவளை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள்.

முதலில் பாத்ரூம் கதவு பிடித்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று கார்பெண்டரைக் கூப்பிட்டுச் சீவினோம். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்தது. பிறகு சாமான் அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொண்டது. சாத்தினால் சாத்திய கையோடு மெல்லத் திறக்கும், யாரோ உள்ளேயிருந்து தள்ளுவது போல. ராஜி அதற்கு ஒரு நாடா கட்டினாள். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டால் இடது பக்கமாகவே ஓடியது. அடுப்புக்கால் தேய்ந்துவிட்டது என்று அட்டையை மடித்து வைத்தாள். நாமெல்லாம் எப்படிப்பட்டவர்கள் பார், அக்கா. கதவைச் சீவுவோம், நாடா கட்டுவோம், அட்டை வைப்போம்.

அப்புறம் ஒரு காலை. நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ராஜி உன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றுகொண்டே இருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அவள் திரும்பவில்லை.

"தென்னை மரத்தை வெட்டிட்டாங்களா?" என்றாள்.

வெட்டினால் சத்தம் கேட்டிருக்குமே என்றேன். எட்டிப் பார்த்தேன். தொட்டிதான் தெரிந்தது. அதற்கு வலது பக்கம் வெறும் வானம். சரி, வெட்டிவிட்டார்கள் போல என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடையை அடுத்த தெரு வழியாக வைத்துக்கொண்டோம். தென்னை மரம் அங்கேயே இருந்தது, அக்கா. காய்த்துக் குலுங்கிக்கொண்டு, ஒரு மட்டைகூடக் குறையாமல். அந்த வீட்டம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். மரத்தில் ஏதாவது வெட்டினீர்களா என்று ராஜி கேட்டாள். இதை யாரம்மா வெட்டுவார்கள் என்று அவர் சிரித்தார். ராஜி சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மேற்கொண்டு எங்கேயும் போகாமல் வீட்டுக்குத் திரும்பினோம்.

அனு ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். உன் போனில் இருந்த ஜன்னல் படங்களையெல்லாம் அவள் லேப்டாப்பில் ஏற்றி வரிசையாக ஓட்டினாள். நீ எடுத்தவை எல்லாம் ஒன்று போலவே இருந்தன. வெயில் மாறுகிறது, மேகம் மாறுகிறது, தென்னை தொட்டியிலிருந்து தள்ளி அதே இடத்தில் நிற்கிறது. ராஜி எடுத்த படங்களிலும் முதல் சில மாதம் அப்படியே. பள்ளம் தோண்ட ஆரம்பித்த பிறகு தென்னை தொட்டியை நோக்கி நகர்கிறது. வேகமாக ஓட்டினால் மரம் நடந்து போவது போல இருந்தது. தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

கடைசிப் படங்களில் பின்வீடு கொஞ்சம் சாய்வாகவும் தெரிந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். ஐயோ பாவம், அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், அக்கா, அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

அனு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்வீட்டுச் சுவர், அதற்கப்பால் கரண்ட் கம்பம், தூரத்தில் அந்தப் பெரிய அபார்ட்மெண்ட். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள்.

"எல்லாமே ஒரே பக்கம் சாஞ்சிருக்குப்பா. எல்லாமே சாயாது. நாமதான் சாஞ்சிருக்கோம்" என்றாள்.

 அலமாரிக் கதவின் நாடா இழுபட்டு நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பேரும் எதையும் அதிர வைக்காமல், காலை மெல்ல வைத்து நடந்து, கீழே இறங்கினோம்.

ஓனர் நாகராஜப்பா தரைத்தளத்தில் இருப்பது உனக்குத் தெரியும். நல்ல மனுஷன். உன் பாடையை இறக்கும்போது படிக்கட்டு வளைவில் தோள் கொடுத்தவர். அவரிடம் லேப்டாப்பைக் காட்டினோம். கேமரா கோணம் என்றார். அனு விளக்கினாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் "ஏனூ ஆகல்ல, குமார்" என்றார். ஒன்றும் ஆகாது. பக்கத்து சைட்டின் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆள் நம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய கட்டிடம், ஓரிரு விரிசல் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிப் போனார். மறுநாள் பள்ளத்தில் நான்கு இரும்புக் குழாய்களை நம் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குழாய்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே தூக்கம் போனது.

அனு வார்டு ஆபீசுக்குப் படங்களோடு மனு கொடுத்தாள். ரசீது கிடைத்தது. யாரும் வந்து பார்க்கவில்லை. நாங்கள் சந்தாபுராவில் வீடு பார்த்தோம். முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் குடியிருந்தவர்களை ஒவ்வொருவராக மேலே கூட்டி வந்து ஜன்னலைக் காட்டினோம். அவர்களும் அந்த மாதத்துக்குள் காலி செய்துவிட்டார்கள். நாகராஜப்பா மட்டும் அசையவில்லை. பென்ஷன் பணமெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. அதிலும் நாம் இருந்த மூன்றாவது மாடி பர்மிஷன் இல்லாமல் ஏற்றியது என்று அப்போதுதான் எங்களிடம் சொன்னார். புகார் என்று போனால் முதலில் இதைத்தான் இடிப்பார்கள் என்று பயம்.

சாமான் ஏற்றும் நாளில் ராஜி தோசைக்கல்லை மட்டும் கடைசி வரை கட்டாமல் வைத்திருந்தாள். ஓனரின் மனைவி கிரிஜம்மாவை மேலே கூப்பிட்டாள். மடித்து வைத்திருந்த அட்டையை அடுப்புக் காலிலிருந்து எடுத்துவிட்டு, கல்லைக் காய வைத்து, நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். எண்ணெய் நேராக இடது ஓரத்துக்கு ஓடி, கல்லின் விளிம்பைத் தாண்டிச் சொட்டியது. கிரிஜம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  தன் வீட்டுக்குப் போய் சாமி படங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். கிரிஜம்மா மகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நாகராஜப்பாவும் பின்னாலேயே போனார். போகும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று.

சரணம்மாவிடமும் ராஜி சொன்னாள். இறங்கிப் போய், அந்தக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து, நம் சுவரைக் காட்டிச் சொன்னாள். அவளுக்குப் புரிந்தது. பீமப்பா மேஸ்திரியிடம் போய்க் கேட்டான். கொட்டகையைத் தள்ளிப் போட இடமில்லை, கம்பியும் சிமெண்டும் இங்கேதான் இருக்கிறது, பயமாக இருந்தால் ஊருக்குப் போய்க்கொள், வேறு ஆள் வருவான் என்று பதில் வந்தது. ராஜி எங்களோடு சந்தாபுராவுக்கு வந்துவிடச் சொன்னாள். பீமப்பா சிரித்தானாம். இத்தனை பெரிய வீடு என்னைத் தேடி விழுமா என்று ராஜியிடம் கேட்டானாம்.

தொடர்ந்து மழை பெய்த ஒரு காலையில் வீடு விழுந்தது.

நான் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலையில் இருந்தேன். நாகராஜப்பா போனில் கூப்பிட்டார். "மனெ ஹோய்த்து" என்று மட்டும் சொன்னார். வீடு போயிற்று.  ராஜியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். தெருமுனையிலேயே கயிறு கட்டியிருந்தார்கள். நம் வீடு இருந்த இடத்தில் பின்வீடு தெரிந்தது, முழுசாக, தொட்டியோடு. பள்ளம் முழுக்க நம் வீடு கிடந்தது. மேலாகக் கிடந்த ஒரு துண்டுச் சுவர் இளநீலம். உனக்கு வேண்டும் என்று நீ அடம்பிடித்து அடித்த கலர்.

சரணம்மா எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் காலி செய்த பிறகு அவள் குடிதண்ணீருக்குத் தெருக்கோடி வரை போக வேண்டியிருந்தது. போய்த் திரும்பும் வழியில் சத்தம் கேட்டிருக்கிறது. தண்ணீர் கேனை அவள் கீழே வைக்கவே இல்லை. மடியில் அணைத்து வைத்திருந்தாள். ராஜி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாலை வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பீமப்பாவை வெளியே எடுத்தபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் ராஜி படம் எடுக்கவில்லை. நீ போன் வாங்கியதிலிருந்து படம் இல்லாத காலை, நீ ஆஸ்பத்திரியில் கிடந்து பிறகு எங்களை விட்டுப்போன நாட்களை விட்டால், அது ஒன்றுதான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பக்கத்து சைட்காரர்கள், நாகராஜப்பாவின் வீடு முதலிலிருந்தே சாய்ந்துதான் இருந்தது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பர்மிஷன் இல்லாத மாடியின் பாரம் தாங்காமல் தானாக விழுந்தது, காவல்காரன் தங்கள் பேச்சைக் கேட்காமல் அங்கே படுத்தான், பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். சரணம்மாவுக்காக ஒரு வக்கீலம்மா வந்திருக்கிறார். உன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அனுவிடம், இதில் உங்கள் அத்தை இருந்த காலத்துப் படங்கள்தான் முக்கியம் என்றார். பள்ளத்துக்கு முன்னால் வீடு நேராக நின்றது என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. அந்த போனையே கோர்ட்டுக்கு நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், யார் எடுத்தது என்று வீட்டு ஆள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் போல. நானும் தமிழ்தான் சார், ஓசூர் என்றார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ராஜி காப்பி கொடுத்தாள். சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்து, சாகிற வயசில்லையே என்று வருத்தப்பட்டார். யார் அனுப்பி வந்தார் என்று சொல்லவே இல்லை. உன் கலையார்வத்தைப் பாராட்டினார்.

பிறகு, செத்தவங்க போனை வீட்டில் வைத்திருப்பது நல்லதில்லை என்றார். நல்ல வீடுகளில் வைக்க மாட்டார்கள், அதைத் தனக்குக் கொடுத்துவிட்டால் பாப்பாவுக்குப் புதுசாக நல்லது ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அனு பக்கம் திரும்பி, அன்பாகத்தான் கேட்டார்.

"பாப்பா இன்னும் அந்த ஏழே முக்கால் பஸ்லதான் காலேஜ் போறீங்களா?"

 ராஜிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அது எங்க நாத்தனார் போன். அவங்களைக் கேக்காம நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பியை வாயில் வைக்கவே இல்லை. டம்ளரில் ஏடு கட்டியிருந்தது.

அன்றைக்கு ராஜிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். கொடுத்துத் தொலைக்கலாம் என்றேன் நான். நமக்கு இருப்பது ஒரே பெண். பீமப்பா திரும்பி வரப் போகிறானா என்றுகூடக் கேட்டுவிட்டேன். ராஜி எழுந்தாள். உள்ளே போய் உன் போனில் அந்தப் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பூ வைத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்கும் சரணம்மா. "இதையும் சேத்துதானே குடுக்கணும்?" என்றாள். அனு நடுவில் வந்தாள். கொடுத்தாலும் அவருக்கு என் பஸ் நேரம் மறந்து போகாதுப்பா என்றாள். உன் மருமகள் பேசுவதைக் கேட்டால் சில சமயம் நீ பேசுவது போலவே இருக்கிறது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

படங்களின் பிரதி வக்கீலம்மாவிடம் போய்விட்டது. அனு இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து வேறு பஸ்ஸில் போகிறாள். நான் பஸ் ஸ்டாப் வரை போய், வண்டி கிளம்பிய பிறகுதான் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடையை விடவில்லை. ஆனால் முன் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க முடியவில்லை. ஒவ்வொரு தகரத்துக்கும் பின்னால் எட்டிப் பார்க்கிறோம். யாராவது அங்கே கொட்டகை போட்டிருந்தால் ராஜி நின்று விசாரிக்கிறாள். சிலர் பதில் சொல்கிறார்கள். சிலர் எங்களைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். அல்சூரில் நாம் பிறந்த சந்திலும் ஒரு தகரம் வந்துவிட்டது, அக்கா. அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்தே இருந்தது. குழந்தை அழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினோம். யாரும் திறக்கவில்லை.

புது வீடு இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. ராஜி இப்போதும் பால் வைத்துவிட்டு, போனைக் கம்பியில் சாய்த்து எடுக்கிறாள். எதிரே ஒரு டீக்கடை, ஒரு புங்கமரம், வரிசையாக பைக்குகள். போன வாரம் அனு அந்தப் படங்களையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பழக்கம் இப்போது அவளை விடுவதில்லை. மரம் நகரவில்லை, கம்பம் சாயவில்லை. ஆனால் அந்த ஆள் வந்துபோனதிலிருந்து, எல்லாப் படத்திலும் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. கண்ணாடி ஏற்றியே இருக்கிறது. அந்த நேரத்தில் டீக்கடைகூடத் திறந்திருக்காது.

நான் திரைச்சீலை போட்டுவிடலாம் என்றேன். ராஜி கேட்கவில்லை. இன்று காலையும் எடுத்தாள். இன்றைக்கு போனைக் கம்பியில் சாய்க்காமல் கையில் பிடித்து, கீழே குறி பார்த்து, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும்படி எடுத்தாள். உள்ளே இருந்தவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எனக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். 

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறோம், அக்கா. சரணம்மா ஊரிலிருந்து தன் அம்மாவோடு வருகிறாள். நாகராஜப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பர்மிஷன் இல்லாத மாடிக்காகத் தன் மேல் கேஸ் வந்தாலும் சரி என்று. இந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்பார்கள். என் அக்கா அமுதா, கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தவள், எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள் என்று சொல்வேன். போனை என் கையாலேயே கொடுத்துவிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வருவேன். வழியில் யார் மறித்தாலும் சரி. திரும்பி வரும்போது ராஜிக்குச் சின்னதாக ஒரு போன் வாங்கித் தருகிறேன். மறுநாள் பாலுக்கு அது வேண்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகாமல் இருக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி குமார்